ஃப்ரீசரில் வைத்த பாக்டீரின்

பாக்டீரின் என்ற சொல்லை மாட்டு மருத்துவர்களும் மருந்து செய்கிறவர்களும் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நோய் உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொன்று, அந்தச் செத்த கிருமியைக் கொண்டே செய்யும் தடுப்பூசிக்கு அந்தப் பெயர். கோயம்புத்தூரில் கால்நடை மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு இன்று அது சாதாரணமாக வாயில் வருகிறது. பத்து வயதில் முதன்முதலாகப் படித்தபோது, தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வீட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான் ஒருத்திதான். உர மூட்டையிலிருந்து மோட்டார் பெட்டி வரை எதில் இங்கிலீஷ் இருந்தாலும் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். நானும் கலெக்டர் தோரணையில் படித்துச் சொல்வேன். அந்த வருடம், மழைக்கு முன் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போடும் முகாம் தள்ளிப் போனது. அம்மா கன்றிலிருந்து வளர்த்த மயிலைப் பசு சினையாக இருந்தது. காத்திருக்க மனமில்லாமல் அப்பா டவுனுக்குப் போய் ஐஸ் டப்பாவில் மருந்து பாட்டிலை வாங்கி வந்தார். ஊசி போடும் கம்பவுண்டர் மறுநாள் காலையில்தான் வருவார்.

பாட்டிலோடு இருந்த தாளை அப்பா என்னிடம் நீட்டினார். "இதைய எங்க வெக்கோணும்னு போட்டிருக்குது, பாரு கண்ணு."

எழுத்துகள் எள்ளைவிடப் பொடியாக இருந்தன. இரண்டாம் வரியில் பாக்டீரின் வந்தது. அதற்குமேல் கண்ணை ஓட்டினேனே தவிர, படிக்கவில்லை. பெரியப்பாவின் கோழிப்பண்ணையில் கழிச்சல் நோய் மருந்தை ஃப்ரீசரில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கோழிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்றா என்று நினைத்துக்கொண்டேன்.

"ஃப்ரீசர்லதாங்ப்பா," என்றேன்.

காலையில் பாட்டில் கல்லாகியிருந்தது. அப்பா தண்ணீரில் போட்டு உருக வைத்தார். கம்பவுண்டர் வந்து அதைக் குலுக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, மருந்து திரிஞ்சாப்பல கெடக்குதுங்களே?"

"எம்பட புள்ள படிச்சுப் பாத்துத்தானுங்க வெச்சுது," என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமை இன்னும் என் காதில் இருக்கிறது. கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஊசியைப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து மழை பிடித்தது. மயிலைக்குத் தொண்டை வீங்கியது, மூச்சு இழுத்தது. மருத்துவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அப்பா அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுனில் மருந்துக் கடைக்குப் போனார். திரும்பி வந்தவர் ஃப்ரீசர் கதவை ஒருமுறை திறந்து பார்த்துச் சாத்திவிட்டுத்தான் மாட்டிடம் போனார். மருத்துவர் வருவதற்குள் மாடு போய்விட்டது. அம்மா அதன் வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே கன்றும் போயிருந்தது.

"ஊசி போட்டுமா இப்படி? மருந்த எங்க வெச்சிருந்தீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"பிரிட்ஜுல கீழ்த்தட்டுலதானுங்க."

இல்லீங்ப்பா, ஃப்ரீசர்ல என்று திருத்த வாயெடுத்தேன். அப்பாவின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது, கொஞ்சம் அழுத்தமாக. அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். துக்கத்தில் அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பாக்டீரினைக் குளிரில் வைக்கலாம், உறையவிடக் கூடாது, உறைந்தால் அது வெறும் தண்ணீருக்குச் சமம் என்பதைக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தேன். அந்தத் தாளிலும் அது எழுதியிருந்திருக்கும்.

மயிலை போன மறுவருடம், எனக்குப் பதினொரு வயதில், மழைக்கு முன் அப்பா மறுபடியும் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். தாளை என்னிடமே நீட்டினார்.

"மெதுவாப் படி அம்மணி. தெரியாத வார்த்த வந்தா தெரீலீன்னு சொல்லிப்போடு, ஒண்ணுமில்ல."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதிகூடத் தாண்டவில்லை, அப்பா பாட்டிலைக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மீதியைக் கேட்க வந்து உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்த மனுஷன் என்னை எதற்குப் படிக்கச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.