உள் நட்டும் பன்னிரண்டு தேனீப் பெட்டிகளும்

பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பும்போது காலை மணி நாலரை. தை மாதப் பனி. ஜீப்பின் பின்பக்கம் பன்னிரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. முந்தின நாள் அந்தியில், ஈக்களெல்லாம் கூடடைந்த பிறகு, வாசலுக்குக் கம்பிவலை அடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். ஸ்டியரிங்கில் என் தங்கை முத்துலட்சுமி, பக்கத்தில் நான். போகுமிடம், விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் சாகுல் அண்ணாச்சியின் மாந்தோப்பு. மொத்தம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பூ வெடித்துவிட்டது, சீக்கிரம் வாருங்கள் என்று அவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் பெட்டிகளை நிழலில் இறக்கி வாசலைத் திறந்துவிட வேண்டும். மூடிய பெட்டிக்குள் சூடு ஏறினால் மெழுகு இளகி, தேனடை சரிந்து, கூட்டமே மடிந்துவிடும்.

தோப்புக்குப் போகும் கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான் எங்களுக்குச் சவால். ஐப்பசி, கார்த்திகை மழை அரித்த செம்மண் பாதை அது. அதில் மூன்று கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் சின்ன வேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனோம், அது முதல் வளைவிலேயே படுத்துவிட்டது. பெட்டிகளைத் தலையில் சுமந்தோம். ஒன்று கைநழுவி விழுந்து உடைந்தது. அதனால்தான் இந்தப் பழைய ஜீப்பை வாங்கி, சேற்றைப் பிடித்து ஏறுகிற அகல டயர் போட்டோம். போட்ட பிறகுதான் புதுத் தலைவலி: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசியது. முழுக்க ஒடிக்காமல் அந்த வளைவுகளில் ஏற முடியாது.

இதற்கு மருந்து ஸ்பேசர். சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கிற தடித்த உலோக வளையம். சக்கரத்தை அது கொஞ்சம் வெளியே தள்ளிவிடும். வண்ணார்பேட்டையில் மெக்கானிக் மாடசாமியின் பட்டறையில் இரண்டு வகை பார்த்தோம். ஒன்று, பழைய போல்ட்டிலேயே செருகுகிற வெறும் தட்டு. அதைப் போட்டால் நட்டு பிடிப்பதற்கு மிஞ்சும் மரை குறைந்துபோகும். மற்றது, தானே ஹப்பில் நட்டுப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சக்கரத்துக்கென்று தனி போல்ட்டுகளை வைத்திருப்பது. இரண்டாவதைத்தான் எடுத்தோம். ஜோடி ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

முத்துவுக்கு ஐம்பது மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பேசர் மேல் ஆசை. வண்டி காலை அகட்டி நிற்கிற அழகு அவளுக்குப் பிடித்திருந்தது. நான் டயர் எங்கே உரசுகிறதென்று அளந்து பார்த்தேன். முப்பதே தாராளம். அதற்கு மேல் போனால் டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டும். பேரிங்குக்கும் பாரம், சட்டத்துக்கும் ஒத்துவராது. நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்காருகிறதா, போல்ட் இடைவெளி பொருந்துகிறதா என்று பார்த்தோம். பழைய போல்ட்டின் நுனி ஸ்பேசரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறதா என்று ஸ்கேல் வைத்தும் பார்த்தோம். எட்டிப் பார்த்தால் சக்கரம் அதில் முட்டிக்கொண்டு சரியாகப் படியாது. முன்பக்கம் இரண்டுக்கும் போட்டோம். சரியான இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கிக்கொண்டோம். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று மாடசாமி சொல்லி அனுப்பினார்.

பத்தமடை தாண்டும்போது எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி குதூகலம். பின்னாலிருந்து பன்னிரண்டு கூட்டங்களின் ரீங்காரம் ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. சேரன்மகாதேவியில் வண்டியை நிறுத்தி, முத்து குனிந்து ரெஞ்சை வைத்தாள். முன்சக்கரங்களின் பத்து நட்டும் ‘டிக்’ என்றன. ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பறந்தோம். கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் ஏறும்போது ஆற்றின் மேல் பனி பாலாடையாக மிதந்தது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் முதல் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள் வரிசையைக் கடந்ததும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. பாதை மோசமென்று முதலில் நினைத்தேன். தார் சாலை வழவழப்பாகத்தான் இருந்தது. முத்து பைய வேகத்தைக் குறைத்து, ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினாள்.

மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ‘டிக்’.

“நட்டெல்லாம் இறுக்கமாத்தாம்க்கா இருக்கு,” என்றாள். முகம் வெளிறியிருந்தது.

“வெளிய இருக்கது இறுக்கம். உள்ள இருக்கது?”

சக்கரத்தை ஸ்பேசரோடு பிடித்திருப்பது வெளி நட்டு. ஸ்பேசரை வண்டியோடு பிடித்திருப்பது உள் நட்டு. அது சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றாமல் அதைத் தொடவே முடியாது. சேரன்மகாதேவியில் நாங்கள் பார்த்ததெல்லாம் பாதிதான்.

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி ஏற்றி, இடது சக்கரத்தைக் கழற்றினோம். உள்ளே ஐந்து நட்டுகளில் இரண்டு விரலாலேயே சுழன்றன. முத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் வளைவில் ஏறிக்கொண்டிருப்போம். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் ஓடை.

ஸ்பேசரை எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஹப்பின் முகத்தில் பழைய துரு ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் இடது பக்கத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட, போன் வெளிச்சத்தில்தான் தேய்த்திருந்தோம். ஓட்டத்தில் அந்தத் துரு நொறுங்கிப் பொடியாகி, பொடி போன இடத்தில் பிடி தளர்ந்திருக்கிறது. கம்பி பிரஷால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்தேன். மரை சிதையவில்லை, ஓட்டைகளும் நீண்டுபோகவில்லை என்று தடவித் தடவிப் பார்த்த பிறகே திரும்ப மாட்டினோம். ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் நட்டுகளை இறுக்கினோம். டிக். டிக்.

அதற்குள் வெயில் மரத்தைத் தாண்டிவிட்டது. பெட்டிகளின் சத்தம் மாறியிருந்தது. சுருதி ஏறி, கம்பிவலையில் ஈக்கள் மொய்த்து முட்டின. சாக்கை நனைத்துப் பெட்டிகளின் மேல் போட்டேன். “வலது சக்கரத்த மேல போயி பாத்துக்கலாம்ட்டி. வண்டிய எடு. ஈ செத்துப்போவும்,” என்றேன்.

அவள் சாவியைத் தொடவே இல்லை. “ஈ செத்தா வேற ஈ வாங்கிக்கலாம்க்கா. அந்தச் சக்கரத்தப் பாக்காம நான் எடுக்க மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனேன். அவள் கழற்றினாள், நான் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தேன். வலது பக்க உள் நட்டுகள் ஐந்தும் கல் மாதிரி நின்றன. முத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீணாகக் கழிந்த நேரமென்று ஏனோ தோன்றவில்லை.

பிறகு அந்தப் பாதை! நாலு சக்கரமும் இழுக்கும் கியரில், நடை வேகத்தில் ஏறினோம். முதல் வளைவில் முத்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உரசல் இல்லை. சேற்றுப் பள்ளத்தில் டயர் கடித்துப் பிடித்து, வண்டி ஒருபுறம் சாய்ந்து, நிமிர்ந்து, மேலே வந்துவிட்டது. இரண்டாம் வளைவில் ஒருமுறை பின்வாங்கி ஏற வேண்டியிருந்தது. மூன்றாவதில் நான் என்னையறியாமல் குலவையிட்டுவிட்டேன்.

சாகுல் அண்ணாச்சி தோப்பு வாசலில் ஈரத் துண்டோடு நின்றார். துபாயில் மணல்மேட்டில் வண்டி ஓட்டியவர். முன்சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. “அல்லா காப்பாத்துனான்மா. முதல்ல ஈயத் தொறந்து விடுங்க,” என்றார்.

வலைகளைப் பிரித்தோம். பதினொரு பெட்டிகளிலிருந்து ஈக்கள் உடனே சிதறிப் பறந்தன. பன்னிரண்டாவது அமைதியாகவே இருந்தது. முத்து அதன் முன்னால் குத்துக்காலிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் ஒரு ஈ வாசலுக்கு வந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, பூவை நோக்கி எழும்பியது. அதன் பின்னால் மற்றவை. மாம்பூ வாசனை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு, வெறும் வண்டியோடு இறங்கினோம். அடிவாரத்தில் தார் சாலை வந்ததும் நான் வாய் திறப்பதற்குள் முத்து ஓரங்கட்டி ஜாக்கியை எடுத்தாள். ஸ்டியரிங் துளிகூட ஆடவில்லை. இருந்தும் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, உள்ளே பத்து, வெளியே பத்து என்று பார்த்தோம். எதுவும் இம்மி நகரவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு ஒரு ஆட்டோ வந்தாலே இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு. அங்கே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க இடமே கிடையாது. ஜீப்பை நேராக உள்ளே விட்டு, நேராகவே பின்னால் எடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகும் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. பின்னால் ரீங்காரம் இல்லாத வண்டி பெரிதாகத் தெரிந்தது. முத்துவின் புறங்கையில் மாம்பூம்பொடி மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடாமல் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.