தாமதமாக அணைந்த விளக்கு

இருட்டைப் பற்றிய ஒரு படத்துக்கு விளக்குப் போட்டவர் அவர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் திரையில் இருட்டு தெரிய வேண்டுமென்றால் முதலில் வெளிச்சம் வேண்டும். சொன்ன நொடியில் அதை அணைக்க ஓர் ஆள் வேண்டும். முப்பத்தைந்து வருடம் லைட்மேனாக இருந்தவரைச் சினிமாக்காரர்கள் கூப்பிட்ட பெயர் ‘லேட்டு’. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது இந்தப் படம்தான்.

கதை ஒன்றும் பெரிய கதையில்லை. நான்கு திருடர்கள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வீடு வீடாகப் புகுந்து குடியிருப்பவர்களை மிரட்டுவார்கள். தயாரிப்பாளர் மகா கஞ்சன். இரவில் எடுத்தால் இரட்டைக் கூலி என்று, ஜன்னலில் எல்லாம் கறுப்புத் துணி அடித்துப் பட்டப்பகலில் எடுக்கவைத்தார். ஒருநாள், குடியிருப்பவராக நடிக்க வேண்டிய பெண் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள் லேட்டுவின் மனைவி. “இவங்களையே நிறுத்துங்கய்யா” என்றார் டைரக்டர்.

மாடிப்படியில் நிற்க வேண்டும். விளக்குகள் அணைந்ததும் அலற வேண்டும். டைரக்டர் “ஆஃப்!” என்று கத்தினார். மற்ற விளக்குகள் எல்லாம் அணைந்தன. அவள் முகத்துக்கு வைத்த விளக்கு மட்டும் எரிந்தது. பயப்பட வேண்டியவள் வெட்கம் தாங்காமல் கணவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் லேட்டுவின் கை சுவிட்சுக்குப் போனது.

“ஊரே இருட்டுல கிடக்கு, உன் பொண்டாட்டி மூஞ்சி மட்டும் எதுக்குய்யா எரியுது?” என்று எகிறினார் டைரக்டர்.

அத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறியது. “சுவிட்ச் இறுகிப்போச்சு சார்” என்றார். மறுபடி எடுக்கப் படச்சுருள் இல்லை. “விடு, வெட்டி எறிஞ்சிடலாம்” என்று டைரக்டர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

படம் ஐந்து நாள் ஓடியது. தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். அந்த ஐந்து நாளும் லேட்டு வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தார். “நீங்க வந்ததும் சேர்ந்தே பார்க்கலாம்” என்று அவள் காத்திருந்தாள். அவர் திரும்பியபோது வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு வாரக் காய்ச்சலில் அம்மா போய்ச் சேர்ந்தாள். மிச்சம் ஒரே ஒரு கல்யாணப் போட்டோ, அதிலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். அம்மா சிரித்தால் எப்படி இருப்பாள் என்று மகள் கேட்கும்போதெல்லாம் “உன்ன மாதிரிதான்” என்பார். பெற்றவளின் முகத்தைக் கேட்கிற பிள்ளைக்கு அது ஒரு பதிலா?

மகளுக்கு நாற்பது வயதானபோது, மூடிக்கிடந்த ஒரு தியேட்டரின் பரணில் அந்தப் படப்பெட்டிகள் அகப்பட்டன. தகவல் வந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரைநாள் லீவு போட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

“வெட்டியிருப்பாங்கம்மா, ஆசைய வளர்த்துக்காத” என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையல்லவா போட்டிருந்தார்.

பழைய படங்களைச் செப்பனிடும் பெண்மணி ஒரு சின்ன அறையில் இருவரையும் உட்காரவைத்துப் படத்தை ஓட்டினார். திருடர்கள் வந்தார்கள், ஒயரை வெட்டினார்கள். மாடிப்படி வந்தது. எங்கும் இருட்டு. நடுவில் அவள் முகம் மட்டும். சிரித்தாள். அணைந்தது. அப்புறம்தான் அலறல் கேட்டது. அதை யாரும் வெட்டவே இல்லை.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விவரம் தெரியாத அந்தப் பெண்மணி, “இந்த ஒரு இடம்தாங்க தப்பா இருக்கு. கம்ப்யூட்டர்லயே இருட்டாக்கிடப் போறேன்” என்றார்.

லேட்டு பதறி எழுந்துவிட்டார். “வேண்டாம்மா! அது என் சம்சாரம்.” பிறகு மகள் பக்கம் திரும்பினார். “சுவிட்ச் ஒண்ணும் இறுகல. பொய் சொன்னேன். உங்கம்மாவையே பார்த்துட்டு நின்னுட்டேன்.”

பெண்மணி அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். “இது எவ்வளவு நேரங்க?” என்று கேட்டாள் மகள்.

“முப்பத்தாறு ஃப்ரேம். ஒன்றரை செகண்ட்.”

“அவ்வளவுதானா?” என்றார் லேட்டு. ஆயுசுக்கும் கேலிப் பெயர் வாங்கித் தந்த தாமதம். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருக்கணும்மா.”