பெட்டிக்குத் திரும்பிய பேனைகள்

எண்பத்தேழில் லண்டன் பூங்காக்களில் மரங்கள் வேரோடு சாய்ந்த அந்தப் பெரிய புயல் நினைவிருக்கிறதா? ஸ்ட்ரெதமில் எங்கள் வேலியும் அன்றுதான் போனது... அது வேறு கதை. அதற்கு அடுத்த வருஷம் தொடங்கிய பேச்சுவார்த்தை ஒன்று, வருஷக்கணக்காக இழுபட்டு, போன கிழமைதான் முடிந்தது. போதைமருந்துக் கடத்தலைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து செய்யும் ஒப்பந்தம்.

அந்தப் பேச்சுவார்த்தை நடந்த லண்டன் மண்டபத்தில் நான் மேசை துடைப்பவன். எனக்கென்ன வந்தது? ஆனால் கூட வேலை செய்யும் கனகு அண்ணைக்கு வந்தது. அவர் மகன் ரவி சிறையில் இருந்தான்.

லண்டனுக்கு வரும் வழியில் ரவி வேறொரு நாட்டில் ஆறு மாதம் சிக்கிக் கிடந்தான். அங்கே அவனுக்குச் சோறு போட்டவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். புறப்படும்போது ஒரு டின்னைக் கொடுத்தார்.

"மிளகாய்த்தூள் தம்பி. லண்டனில என்ரை அக்கா வந்து வாங்குவா."

பயணம் போகிறவன் கையில் பார்சல் கொடுக்காமல் நாங்கள் விட்டிருக்கிறோமா? சோறு போட்டவர் தந்ததைப் பிரித்துப் பார்ப்பதா? லண்டன் விமான நிலையத்தில் அதிகாரிகள் பிரித்தார்கள். தூளுக்கு அடியில் ஹெரோயின்.

அந்த ஊர்க்காரரை விசாரித்தால் அப்பீலில் வழி பிறக்கும் என்றார் லோயர். ஆனால் அந்த நாடு இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை, இங்கத்தைய பொலிஸ் அங்கே ஒரு கேள்வி கேட்க முடியாதாம்.

கையெழுத்து நாளில் பச்சைத் துணி விரித்து, ஆளுக்கொரு பேனை வைப்பது எங்கள் வேலை. முதல்தடவை அண்ணை நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார்.

"இண்டைக்குப் போட்டிடுவினம், என்ன?"

"ஓம் அண்ணை, போடுவினம்."

ஒப்பந்தத்தின் ஒரு பந்தியில் வாசகம் பற்றி இழுபறி — ஒத்திவைத்தார்கள். அடுத்த தடவை ஒரு மந்திரி வரவில்லை. அதற்கடுத்த தடவை, யார் முதலில் கையெழுத்திடுவது என்று சண்டை.

"சாப்பாட்டை மட்டும் ஒருநாளும் ஒத்திவைக்கேல்லை, பாத்தியோ?" பேனைகளைப் பெட்டியில் அடுக்கியபடி அண்ணை சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன கிழமை ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார்கள். கைதட்டல், படப்பிடிப்பு. ரவி தண்டனை முழுவதையும் அனுபவித்து வெளியே வந்து ஏழு மாதமாகிவிட்டது.

அன்றும் பேனை வைத்தவர் அண்ணைதான். ஒவ்வொன்றாகத் தொட்டு நேராக்கினார்.

"இனி என்னத்துக்கு அண்ணை இவ்வளவு கவனம்?"

"வேறை ஆற்றையோ பிள்ளை ஜெயிலுக்கை கிடக்குமடா."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். நீங்கள் வாசித்துவிட்டு, பயணம் போகிற உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். யார் பார்சல் தந்தாலும் தந்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

தருவது நானாக இருந்தாலும்.