ஸ்டெபி வாசித்த சுற்றறிக்கை

முத்துச்செல்விக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில், ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் பெட்டி எண்களைச் சரிபார்க்கும் வேலை. மூக்கில் மைனஸ் ஐந்து கண்ணாடி. கிரேனை அண்ணாந்து பார்த்தே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். அதில் ஏறி உட்கார்ந்து தானே பெட்டி தூக்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. ஆனால் கண்ணாடி போட்டவர்களை அந்தக் கம்பெனியில் கிரேன் ஏற்ற மாட்டார்கள்.

கண்ணாடியை ஒழித்துக்கட்டக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு வந்தது ஸ்டெபி, பக்கத்து மேசைக்காரி. மத்தியானச் சோற்றில் மீனுக்கு முள்ளெடுத்து இவள் பக்கம் தள்ளிவைக்கிற சிநேகிதி. அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் உட்காரவைத்துவிட்டாள். வரிசையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுவது போல இருந்தார்கள். அப்போதுதான் ஸ்டெபி பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"ஏளா, கிரேன் டிரெய்னிங்குக்கு சர்க்குலர் வந்திருக்கு. பொம்பளைக்கு ஒரு எடம்தான்."

"லேசர் பண்ணவங்களுக்கு என்ன போட்டிருக்கு? வாசி."

"'லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களும் விண்ணப்பிக்கலாம்.' போதுமா? ஃபாரத்த நானே குடுத்திருதேன்."

தாள் பைக்குள் போய்விட்டது.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "கருவிழி மெல்லிசா இருக்கு. மூடி மாதிரி வெட்டித் திறந்து செய்ற லாசிக் ஆகாது. சின்னத் துளை வழியா செய்ற ஸ்மைலும் வேண்டாம். உள்ள லென்ஸ் வைக்கலாம். இல்லன்னா மேல்தோலை எடுத்துட்டு லேசர் குடுக்கிற பிஆர்கே. நாலு நாள் வலி உயிர் போகும்."

கண்ணுக்குள் ஒரு பொருளை வைக்க அவளுக்குப் பயம். வலியைத் தேர்ந்தெடுத்தாள். அந்த நாலு நாளும் ஸ்டெபி லீவு போட்டுக் கூடவே இருந்து, மணி தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். இப்போது நினைத்தால் அந்தக் கையை ஒடிக்கலாம் போலிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து கம்பெனியில் மெடிக்கல் டெஸ்ட். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். கம்பெனி டாக்டர் மெஷினில் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, சுற்றறிக்கையை முன்னால் வைத்தார். 'ஓராண்டுக்குள் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.'

"இவ்வளவு தெளிவா போட்டிருக்கே, படிக்கலையாம்மா?"

அந்த ஒரு இடம் ஸ்டெபிக்குக் கிடைத்தது. அவளும் விண்ணப்பித்திருந்தாள் என்பதே முத்துச்செல்விக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே! யார்டு வாசலில் ஸ்டெபியை மறித்துக்கொண்டாள்.

"வாசிக்கும்போது ஒரு எடத்துலகூட திக்கலியேளா நீ?"

ஸ்டெபி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த வரிய மாத்தி, ரெண்டு தடவ மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டுத்தான், சத்தமா வாசிச்சேன்."