வண்டூர்க் கரையை உடைத்த துருவப் பனி

அந்தமானில் ஓவர்சியராக இருந்த காலத்தில் நான் கையெழுத்துப் போட்ட அறிக்கைகளில் பாதி பொய். அவற்றில் ஒன்று மட்டும் இப்போது மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டிருக்கிறது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாக வயிறு எரிகிறது.

அறுபதுகளின் கடைசி. வண்டூரில் கடற்கழியை ஒட்டி, குடியேறியவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நெல் வயல்கள் இருந்தன. உப்புத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க எங்கள் அலுவலகம் ஒரு மண்கரையும் மதகும் கட்டிக் கொடுத்திருந்தது. கட்டிக் கொடுத்தது என்பதை மரியாதைக்குச் சொல்கிறேன். களிமண் போட வேண்டிய இடத்தில் கான்டிராக்டர் உளுத்த மரத்துண்டுகளையும் பவளக்கல்லையும் கொட்டி, மேலே ஒரு சாண் சேற்றைப் பூசி வழித்தார். எங்கள் எஞ்சினியர் ஜீப்பிலிருந்து கீழே இறங்காமலே பார்த்துத் தலையாட்டினார். அந்தக் கான்டிராக்டரின் தயவில்தான் அவர் மகள் கல்யாணத்துக்குப் படாக் மரக் கட்டிலும் பீரோவும் மெட்ராஸுக்குக் கப்பலேறியிருந்தன. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்குக் கட்டில் எதுவும் கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குக் கட்டில் தேவைப்படவும் இல்லை.

இரண்டாவது வருடம், அமாவாசை ஓதத்தில் கடல் பொங்கிக் கரை உடைந்தது. கரையை ஒட்டிய கடைசி வயல் ஒரு தமிழ்க் குடும்பத்துடையது. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். புருஷனுக்கு மரம் அறுக்கிற மில்லில் வேலை, வயல் முழுக்க மனைவியின் பொறுப்பு. கதிர் வாங்கும் நேரத்தில் உப்புத் தண்ணீர் ஏறி ஒரு வாரம் நின்றது. நான் போனபோது பயிர் வெந்த கீரையாகக் கிடந்தது. உடைந்த இடத்தில் கரையின் வயிறு தெரிந்தது. மரத்துண்டுகளை நண்டுகள் கூடச் சீண்டவில்லை.

இனி அறிக்கையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் அவர்கள் பிழைப்பே இருந்தது. கரை சரியாகக் கட்டப்படவில்லை என்று எழுதினால் அரசாங்கம் புதுக்கரை போட்டுத் தரும், கான்டிராக்டர் மாட்டிக்கொள்வார். கடல் தானாக ஏறிவிட்டது என்று எழுதினால் நிலம் விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று ஆகிவிடும், அந்தக் குடும்பம் வேறு தீவுக்குப் போக வேண்டியதுதான்.

எஞ்சினியருக்கு மெயின்லேண்டிலிருந்து ஆங்கிலப் பத்திரிகைகள் வரும். கப்பல் வரும்போது கட்டாக வந்து இறங்கும். அப்படி வந்த ஒன்றில் துருவப் பனியைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அதன் தலைப்பையும் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீ சயன்ஸ் படிச்சவன்தானே? உலகம் சூடாயிட்டு வருது. துருவத்துல ஐஸ் மலை மலையா உருகுது. கடல் ஏறாம என்ன பண்ணும்? நம்ம கரை என்ன பண்ணும், பாவம்!"

கரைக்காக அவர் பரிதாபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஜீப்பில் வண்டூருக்குப் போனோம். இந்த முறை இறங்கினார். வயல்காரம்மா முழங்கால் சேற்றோடு வந்து நின்றாள். அவளிடம் துருவம், பனி, கடல் என்று ஒரு பிரசங்கமே செய்தார். முழுவதையும் அமைதியாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அந்தத் தண்ணி நேரா எங்க வயலுக்குத்தான் வருமா சாப்? போர்ட் பிளேர் ஜெட்டியில ஒண்ணும் ஏறக் காணோமே?"

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எஞ்சினியர் காது சிவந்தது.

அவள் விடவில்லை. மதகுக்கு வெளியே, கடற்கழிப் பக்கம் சற்றுத் தள்ளி நின்ற ஒரு மரத்தூணுக்கு எங்களைக் கூட்டிப்போனாள். இரும்பாகக் கனக்கும் காட்டு மரம். குடியேறிய வருடமே அவள் புருஷன் அதைப் பாறை தட்டும் வரை இறக்கியிருந்தான். வருடத்தில் ஆக உயர்ந்த ஓதம் எந்த மட்டத்துக்கு வருகிறதோ, அங்கே அவள் அரிவாளால் ஒரு கோடு வெட்டிவைப்பாள். எந்த வரப்பு வரை நடலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் எட்டுக் கோடுகள். எல்லாம் இரண்டு விரல் அகலத்துக்குள் முன்னும் பின்னுமாக இருந்தன. கரை உடைந்த வருடத்துக் கோடும் அந்த இரண்டு விரலுக்குள்தான்.

"கடலு அதே எடத்துலதான் இருக்கு. ஒங்க கரைதான் எறங்கிருச்சு. நான் சொன்னா நம்ப வேணாம் சாப், இந்தக் கோடு ஜூட் சொல்லாது, அதுக்குப் பொய் தெரியாது."

"இதென்னம்மா, பால்காரி சுவத்துல கோடு போடற மாதிரி? இதுக்குப் பேரு சயன்ஸா?" என்று சிரித்தார் எஞ்சினியர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதுவதற்காக அந்தப் பத்திரிகையை வாங்கி வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். எஞ்சினியர் அதை முழுக்கப் படித்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பார்.

பனியாறு என்பது அசையாமல் கிடக்கும் மலையல்ல என்று கட்டுரை சொன்னது. மேலே வருடா வருடம் பனி விழுகிறது. விழுந்தது அடுத்த வருடத்துப் பனியின் கனத்தில் நசுங்கி நசுங்கிப் பனிக்கட்டியாகிறது. பிறகு தன் கனத்தாலேயே, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், கீழ்நோக்கி நகர்கிறது. நுனியில் உருகுகிறது, அல்லது உடைந்து கடலில் விழுகிறது. மேலே சேர்வதும் கீழே போவதும் சரியாக இருக்கும் வரை அது அப்படியே நிற்பதாகத் தோன்றும். காற்று சூடானால் போவது அதிகமாகும். நுனி பின்வாங்கும், உடம்பு மெலியும். ஆனால் அது ஒரு மனிதன் பார்த்துத் தீர்க்கிற விஷயமில்லை, தலைமுறைகள் ஆகும். நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகினால்தான் கடலுக்குப் புதுத் தண்ணீர் சேரும், ஏற்கெனவே மிதப்பது உருகி ஒன்றும் ஆகாது என்றும் இருந்தது. எஞ்சினியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வாசகமோ "மிதக்கும் பனிமலைகள் உருகியதால்" என்று தொடங்கியது.

சந்தேகம் தீர, போர்ட் பிளேரில் அபர்தீன் பஜாரில் ஒரு சர்பத் கடைக்குப் போய், ஐஸ் மிதக்க, தம்ளர் தளும்பத் தளும்ப வாங்கி, முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐஸ் கரைந்து முடிந்தது. ஒரு சொட்டு வழியவில்லை.

"குடிக்கத்தான் குடுத்தேன் தம்பி, காவல் காக்க இல்ல" என்றார் கடை பாய்.

இன்னொன்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது. பனியாறு மெலிகிறதா என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அதில் கழிகளை நடுவார்களாம். வருடா வருடம் போய், கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து குறிப்பார்களாம். ஒரு வருடத்து அளவுக்கு மதிப்பில்லை, பல வருடம் விடாமல் எடுத்தால்தான் ஏதாவது தெரியும் என்றிருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரர், தடித்த கம்பளிக் கோட்டில், கழியின் பக்கத்தில் பெருமையாக நின்றார். வண்டூரில் முழங்கால் சேற்றோடு நின்றவள் எட்டு வருடமாகச் செய்ததும் அதே வேலைதான். அவளைத்தான் பால்காரி என்றோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? கையெழுத்துப் போட்டேன். எனக்கு அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. லீவு எஞ்சினியர் கையிலிருந்தது. துருவப் பனியால் கடல் மட்டம் உயர்ந்து கரை உடைந்தது, கட்டுமானத்தில் குறையில்லை என்று எழுதினேன். ஒரு கோழையிடம் பேனாவைக் கொடுத்தால் வேறென்ன வரும்? மெயின்லேண்டில் யாரோ பச்சை மையில் அதை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் எந்தப் பனியைக் கண்டார்கள்?

நிலம் லாயக்கில்லை என்று உத்தரவு வந்தது. லிட்டில் அந்தமானில் அப்போதுதான் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அங்கே ஹட் பேயில் கூலி வேலை போட்டுக் கொடுத்தார்கள். சொந்தமாக உழுதவளுக்குக் கூலி. கப்பலேறும் அன்று, சாமான் பட்டியலைச் சரிபார்க்க என்னையே ஜெட்டிக்கு அனுப்பினார்கள். பாத்திரம், பாய், இரண்டு கோழி. அவற்றோடு சாக்கில் சுற்றிய ஒரு மரத்துண்டு. தூணில் கோடு இருந்த பாகத்தை மட்டும் அறுத்து எடுத்து வந்திருந்தாள். அதை என் காலடியில் வைத்தாள்.

"நட்டு வச்சுப் பாக்க இனிமே அங்க யாரு இருக்கா? நீங்களே வச்சுக்கங்க சாப்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாவியை ஒப்படைப்பது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

பல வருடம் கழித்து, நானும் ஓய்வு பெற்ற பிறகு, சென்னையில் அந்த எஞ்சினியரைப் பார்க்கப் போனேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பனியாற்றின் முகப்பு பெயர்ந்து கடலில் சரிவதைக் காட்டி, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பனி இருந்த இடம் வெறும் பாறையாக இருந்தது.

"சும்மா காதுல பூ சுத்தறாங்கப்பா. எங்கயோ ஐஸ் உருகினா இங்க கடல் ஏறுமாம்! எல்லாம் காசு பண்ற வழி" என்றார்.

"நீங்க எழுதச் சொன்னீங்களே சார், வண்டூர் கரைக்கு?"

"எந்தக் கரை?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டார். காப்பி கொடுத்தார், நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

அந்த மரத்துண்டு என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது. எட்டுக் கோடுகள், இரண்டு விரல் அகலம். கடல் வருடத்துக்கு ஒரு நூலளவு ஏறியிருந்தாலும் எட்டுக் கோட்டில் தெரியாது, ஐம்பது அறுபது கோடு வேண்டும். வண்டூரில் கடல் எப்போதிலிருந்து ஏறத் தொடங்கியது என்று என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எட்டுக் கோடுகளுக்கு மேலே வெறும் மரம்தான் இருக்கிறது. கோடு போட ஒருத்தி இருந்தாள், அவளைத்தான் கடல் ஏறிவிட்டதென்று எழுதி நான் கப்பலேற்றிவிட்டேன்.