ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவள்

சர்க்கரையால் ஒரு கண் மங்கிய என் வீட்டுக்காரரிடம், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் நாங்கள் கேம்பிங் டிரெய்லர் பார்க்கப் போனோம். ரிட்டயர் ஆனதும் ஜீப்புக்குப் பின்னால் ஒன்றை மாட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. வாய்க்கால் கரையைத் தவிர வேறு மேட்டைப் பார்க்காத காரைக்கால்காரருக்கு அது நியாயமான ஆசைதான். இனி நான்தான் ஓட்டவேண்டும். என்னால் முடியாவிட்டால் அந்த ஆசை அத்தோடு சரி.

திருச்சிப் பட்டறையில் இரண்டு நின்றன. இரண்டுமே இருவர் படுக்கும் அளவு, கரடுமுரடான பாதையிலும் போகக்கூடியவை. ஒன்று குட்டை. இன்னொன்றில் ஜீப்பில் மாட்டும் கம்பி நீண்டு, சக்கரம் நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது.

"மேடம் ஓட்டுறதுன்னா சின்னதே போதுங்க சார்," என்றார் விற்பனையாளர், என்னைப் பார்க்காமலே. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரெண்டையும் மாட்டுங்க, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

நான் விழிதியூர் கிராமத்தில் பிறந்தவள். அறுவடைக் காலத்தில் அப்பாவின் டிராக்டரில் நெல் டிரெய்லரை ரிவர்ஸிலேயே களத்துக்குள் விட்டவள். குட்டை டிரெய்லர் ரிவர்ஸில் பொல்லாதது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே மடங்கிக்கொண்டு வண்டியை முட்ட வரும். நீளமானதுதான் நிதானமாகச் சொன்ன பேச்சைக் கேட்கும். காரைக்கால் கோவில்பத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவோ முட்டுச்சந்து. ரிவர்ஸ் வராதவர்கள் அங்கே குடித்தனமே நடத்த முடியாது.

சுவருக்கும் ஒரு லாரிக்கும் நடுவே ரிவர்ஸ் எடுத்துக் காட்டினேன். குட்டையை மூன்று தடவை முன்னே இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நீளமானது ஒரே மூச்சில் போய் நின்றது. அதன்பிறகு விற்பனையாளர் விலையைக்கூட என்னிடம்தான் சொன்னார். எனக்கு அன்று பெருமையில் தலைகால் புரியவில்லை.

நீளமானதையே வாங்கி, கையோடு இழுத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பது வருடம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியவர். அவருடைய ஆசையை நான் பிடுங்கிக்கொண்டேனோ என்று எனக்கே உறுத்தியது.

தெருமுனையில் நிறுத்தியதும் அவர் இறங்கி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். வீட்டு கேட்டை அகலத் திறந்துவிட்டு, டிரெய்லருக்குப் பின்னால் வந்து நின்று கையைத் தூக்கினார்.

"வரலாம்... வரலாம்... வா!"

கண்ணாடியில் எனக்கு எல்லாமே தெரிந்தது. அவர் சொல்லாமலே ஒரே தடவையில் உள்ளே விட்டிருப்பேன். ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் பிரேக்கில் கால் வைத்து, அவர் அடுத்த 'வரலாம்' சொல்லும்வரை காத்திருந்தேன்.