தம்பியின் தொடை மடிப்பு

ஒரு டாக்டர் என் பேச்சைக் கேட்டு மருந்து எழுதியது என் ஒன்பதாவது வயதில். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த டாக்டரும் அப்படிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

தம்பிக்கு அப்போது எட்டு மாதம். அம்மா கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு தென்னைநார் மில்லில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பகலில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தம்பியைப் பார்த்துக்கொண்டார். டயப்பர் மாற்றும்போது அவன் கால் இரண்டையும் தூக்கிப் பிடிப்பது, லீவில் இருந்த என் வேலை. உதைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

திடீரென்று அவனுக்கு டயப்பர் கட்டும் இடம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. மூத்திரம் பட்டாலே வீறிட்டான். அத்தை உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நாள் பூரா அந்தப் பிளாஸ்டிக்கக் கட்டியுட்டா வெந்து போகாம என்ன பண்ணும்? கொழந்தையா, வேலையான்னு நீயே முடிவு பண்ணிக்க அம்மிணி."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மாவுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் சேலைக்கு ஏற்ற பொட்டைத் தேடிக் கொடுப்பதே நான்தான். அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.

துணிக்கு மாற்றி நாலு நாளாகியும் குறையவில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஒரு மலையாளக் குழந்தை டாக்டரிடம் போனோம். கிளம்பும் முன் அத்தை மஞ்சளை அரைத்து அப்பிவிட்டிருந்ததால், அவிழ்த்துப் பார்த்த டாக்டருக்குத் தெரிந்தது மஞ்சள் மட்டும்தான். துடைக்கப் போனால் தம்பி ஊரைக் கூட்டினான்.

முதலில் எங்கே சிவந்தது, மடிப்புக்குள்ளா வெளியிலா என்று டாக்டர் கேட்டார். அம்மா தலைகுனிந்து நின்றாள். "டயப்பர் பட்ட எடமெல்லாந்தானுங்க" என்றார் அத்தை.

கால் பிடிப்பவளை யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "இல்லீங்க, மடிப்புக்குள்ளதான் மொதல்ல வந்துச்சு. அப்புறம் சுத்தியும் புள்ளி புள்ளியா."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அந்தத் தெம்பில் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். தம்பியின் நாக்கில் இருந்த வெள்ளையைப் பால் என்று நினைத்து என் துண்டால் துடைத்துப் பார்த்திருந்தேன், அது போகவில்லை. அவன் வாயில் கை வைத்தால் முதுகில் விழும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

டாக்டர் அவன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மிடுக்கி" என்று என் கன்னத்தைத் தட்டினார். மலையாளத்தில் கெட்டிக்காரி என்று அர்த்தமாம். ஈரத்தால் வரும் புண் டயப்பர் உரசும் மேட்டில்தான் சிவக்கும், மடிப்பு பெரும்பாலும் தப்பிவிடும் என்று விளக்கினார். இது மடிப்பிலேயே தொடங்கியிருக்கிறது, வாயிலும் இருக்கிறது, அதனால் பூஞ்சை. சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தீர்களா என்று கேட்டார். போன வாரம்தான் சளிக்குக் கொடுத்திருந்தோம். அதற்குப் பின் இப்படி வருவதுண்டாம்.

"அப்ப டயப்பர் கட்டலாமுங்களா?" என்று அத்தை விடாமல் கேட்டார்.

"கட்டலாம். ஈரமானா உடனே மாத்தணும், கொஞ்ச நேரம் காத்தாட விடணும். மஞ்சள் மட்டும் வேண்டா."

வெளியே வந்தபோது நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தை சீட்டைத் தானே வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். திரும்பும்போது மருந்தோடு ஒரு பாக்கெட் டயப்பரும் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் அம்மா பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். ரோட்டில் குப்பை போடக் கூடாதென்று டீச்சர் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அது நான் சொன்னதெல்லாம் எடுபட்ட நாள் அல்லவா? அம்மா கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். வேலையை விட்டு நின்றுகொள்வதாக மில்லுக்கு எழுதிய கடிதம் அது என்பதும், அத்தை சொன்னதை அம்மாவே நம்பியிருந்தாள் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.